ஜாக்கெட் எங்கே? பீரோவுக்குப் போனில் ஒரு கணக்கு

போன ஆவணியில் நெருங்கிய உறவில் ஒரு கல்யாணம். ஆறு மணிக்கு முகூர்த்தம். நாலரைக்கு எழுந்து குளித்துவிட்டு, முந்தின நாளே மனதுக்குள் முடிவு செய்து வைத்திருந்த மயில்கழுத்துப் பட்டை எடுத்துக் கட்டிலில் போட்டேன். ஜாக்கெட்டைக் காணோம். பீரோவின் மேல் தட்டு, கீழ் தட்டு, இஸ்திரிக்குப் போய் வந்த மூட்டை, பரண் மேலிருந்த சூட்கேஸ் என்று ஒவ்வொன்றாகக் கலைத்தேன். ஐந்தே காலுக்குக் கையில் கிடைத்த கறுப்பு ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு கிளம்பினேன். "கல்யாண வீட்டுக்குக் கறுப்பா?" என்று மண்டப வாசலிலேயே ஒரு பெரியம்மா கேட்டுவிட்டார்.

தேடிய ஜாக்கெட் என் அண்ணியின் அலமாரியில் இருந்தது. நாலு மாதம் கழித்துத்தான் தெரிந்தது. நான்தான் கொடுத்திருக்கிறேன், மறந்துவிட்டேன்.

அந்தக் கல்யாணம் முடிந்த வாரமே போனில் ஒரு துணிக் கணக்கு ஆரம்பித்தேன். இப்போது பீரோவிலும் அலமாரியிலும் இருக்கும் நூற்றி நாற்பது சொச்சம் உருப்படிகளும் அதில் இருக்கின்றன. எப்படிச் செய்தாய் என்று கேட்ட தோழிகளுக்கு அவ்வப்போது துண்டு துண்டாகச் சொன்னதைத்தான் இங்கே வரிசையாக எழுதுகிறேன். பெரிய கணினி அறிவு எதுவும் தேவையில்லை. வாட்ஸ்அப்பில் போட்டோ அனுப்பத் தெரிந்தவர்கள் எல்லாரும் செய்யலாம்.

செயலியா, அட்டவணையா?

துணி அலமாரிக்கென்றே செயலிகள் நிறைய இருக்கின்றன. ஸ்டைல்புக், வியரிங், ஏக்ளோசெட் போன்றவை பெயர் பெற்றவை. துணியைப் படம் எடுத்தால் பின்னணியை வெட்டி எடுத்துவிடும், ஒன்றோடொன்று சேர்த்துப் பார்க்கலாம், எந்த நாளில் எதைப் போட்டோம் என்று நாட்காட்டியில் குறிக்கலாம். பேன்ட், சட்டை, குர்தி என்று உடுத்துகிறவர்களுக்கு இவை நன்றாகவே உதவும். என் தங்கை மகள் கல்லூரிக்குப் போகிறாள், அவளுக்குச் செயலிதான் சரி.

புடவை கட்டுகிறவர்கள் கதை வேறு. மேலே ஒன்று, கீழே ஒன்று என்று பிரித்து அடுக்கும் முறைக்குள் ஆறு கெஜத் துணி சரியாக உட்காருவதில்லை. ஒரு புடவைக்கு ஒரு ஜாக்கெட், அதற்குத் தோதான இன்ஸ்கர்ட், சில சமயம் ஒரே ஜாக்கெட்டுக்கு ஏழு புடவை என்று நம் வீட்டுக் கணக்கு போகும். யோசித்துப் பாருங்கள், புடவையைத் தொலைத்தவர் என்று யாரையாவது உங்களுக்குத் தெரியுமா? தொலைவது எப்போதும் ஜாக்கெட்தான். அதனால் கணக்கு ஜாக்கெட்டைச் சுற்றி இருக்க வேண்டும். இதைப் புரிந்துகொள்ளவே எனக்கு ஒரு மாதம் ஆனது.

இன்னொரு பட்ட அனுபவமும் உண்டு. முதலில் நானும் ஒரு செயலியில்தான் ஆரம்பித்தேன். அறுபது துணி வரை ஏற்றினேன். அப்புறம் போன் மாற்றினேன். புது போனில் கணக்கைத் திறந்தால் பெயர்கள் இருந்தன, படங்கள் பாதிக்கு மேல் இல்லை. மொத்தத்தையும் வெளியே எடுத்துக்கொள்ள அதில் வழியும் இல்லை. மூன்று ஞாயிற்றுக்கிழமை வேலை போயிற்று. ஆகவே எந்தச் செயலியில் ஆரம்பித்தாலும் முதல் நாள் ஐந்தே ஐந்து துணியை ஏற்றுங்கள். ஏற்றிய தகவலை ஒரு கோப்பாக வெளியே இறக்கிக்கொள்ள முடிகிறதா என்று பாருங்கள். முடியவில்லை என்றால் ஆறாவது துணியை ஏற்றாதீர்கள்.

நான் இப்போது வைத்திருப்பது மூன்றே மூன்று: படங்களுக்குக் கூகுள் போட்டோஸ், பட்டியலுக்குக் கூகுள் ஷீட்ஸ், தேதிகளுக்குக் கூகுள் காலண்டர். மூன்றுக்கும் ஒரே மின்னஞ்சல் கணக்கு போதும், காசு கிடையாது. போன் மாறினாலும் கணக்குக்குள் நுழைந்தால் எல்லாம் அப்படியே இருக்கும்.

முதல் வேலை: பீரோவைக் கவிழ்க்காதீர்கள்

எல்லாத் துணியையும் ஒரே நாளில் கட்டிலில் கொட்டி ஒழுங்கு செய்யும் காணொளிகளைப் பார்த்துவிட்டு அதேபோல் இறங்காதீர்கள். மதியம் இரண்டு மணிக்குக் களைத்துப் போய், இரவு படுக்க இடமில்லாமல், எல்லாவற்றையும் திரும்ப உள்ளே திணிப்போம். அனுபவத்தில் சொல்கிறேன்.

ஒரு நாளைக்கு ஒரு தட்டு. அதுவும் முதலில் ஜாக்கெட் இருக்கும் தட்டு. ஒவ்வொன்றாகப் போட்டுப் பாருங்கள். "பிடிக்கிறது", "பிரித்துவிட்டால் பிடிக்கும்", "இனிமேல் ஆகாது" என்று மூன்று குவியல். பக்கத் தையலில் உள்ளே மடித்து விட்டிருக்கும் துணியைப் பார்த்தால் எவ்வளவு பிரித்துவிடலாம் என்று தெரிந்துவிடும். இரண்டாவது குவியல் அன்றைக்கே தையல்காரரிடம் போகட்டும். மூன்றாவது குவியலைப் பற்றி நான் தீர்ப்புச் சொல்லப் போவதில்லை. என்னிடம் கல்யாண ஜாக்கெட் அப்படியே இருக்கிறது, பதினேழு வருஷமாக ஆகாது.

எண் போடுதல்

ஒவ்வொரு உருப்படிக்கும் ஓர் எண். இதுதான் மொத்தக் கணக்குக்கும் அச்சாணி. பட்டுக்கு ப-01, ப-02. காட்டனுக்குக் கா-01. சுடிதாருக்குச் சு. ஜாக்கெட்டுக்கு ஜா. ஆரம்பத்திலேயே 1 என்று போடாமல் 01 என்று போடுங்கள், இல்லாவிட்டால் பட்டியலை வரிசைப்படுத்தும்போது 1-க்குப் பிறகு 10 வந்து நிற்கும்.

துணியில் எண் போடுவது ஒன்றும் புதிய யோசனை இல்லை. சலவைக்குப் போகும் துணியில் வீட்டுக்கு வீடு ஒரு குறி இருந்த காலம் நினைவிருக்கிறதா? சேங்கொட்டையின் சாற்றில் போட்ட குறி, எத்தனை முறை வெளுத்தாலும் போகாது. அந்தச் சாறு தோலில் பட்டால் புண்ணாகிவிடும் என்பதால் அதை நாம் முயல வேண்டாம். நான் செய்வது இதுதான்: தையல் கடையில் கிடைக்கும் வெள்ளைப் பருத்தி நாடாவை இரண்டு அங்குலமாக வெட்டி, துவைத்தாலும் போகாத மார்க்கர் பேனாவால் எண்ணை எழுதுகிறேன். ஜாக்கெட்டில் கழுத்துப் பட்டியின் உட்புறம் நாலு தையல். காட்டன் புடவையில் உள்ளே செருகும் முனையில், ஃபால்ஸ் ஓரமாக. பட்டுப் புடவையில் ஊசியே போடுவதில்லை. அதைச் சுற்றி வைக்கும் மல் துணியில் எண்ணைத் தைத்துவிடுகிறேன்.

சேஃப்டி பின்னில் துண்டுச் சீட்டுக் குத்தி வைக்கலாமே என்று தோன்றும். வேண்டாம். ஒரு மழைக்காலத்தில் பின் துருப்பிடித்துவிடும். துருக்கறை போவதற்குள் புடவை போய்விடும்.

படம் எடுத்தல்

ஒரு புடவைக்கு மூன்று படம் போதும். உடலும் கரையும் சேர்ந்து தெரியும்படி ஒன்று, முந்தி ஒன்று, ஜாக்கெட்டோடு சேர்த்து வைத்து ஒன்று. சுவரில் ஆணியடித்து ஹேங்கர் மாட்டினால் நல்லது. இல்லாவிட்டால் தரையில் வெள்ளை வேட்டியை விரித்து அதன் மேல் வையுங்கள்.

வெளிச்சம்தான் முக்கியம். காலை ஒன்பது மணிக்கு மேல், நேர் வெயில் விழாத பால்கனியோ ஜன்னலோரமோ சரியாக இருக்கும். ஃபிளாஷ் கூடாது, டியூப்லைட்டும் கூடாது. ஃபிளாஷ் அடித்தால் ஜரிகை மொத்தமும் வெள்ளைக் கோடாகிவிடும். மஞ்சள் பல்பு வெளிச்சத்தில் சந்தன நிறமும் எலுமிச்சை நிறமும் ஒன்றாகத் தெரியும். வெள்ளை வேட்டி பின்னணியில் இருப்பதில் இன்னொரு லாபம்: படத்தில் வேட்டி நீலம் பாய்ந்தோ மஞ்சள் பாய்ந்தோ தெரிந்தால், புடவை நிறமும் தவறாக விழுந்திருக்கிறது என்று உடனே பிடித்துவிடலாம்.

மயில்கழுத்து மாதிரிப் புடவைகள்தான் தொந்தரவு செய்யும். பாவில் ஒரு நிறமும் ஊடையில் வேறு நிறமும் ஓடுவதால் ஒரு பக்கமிருந்து பார்த்தால் நீலம், மறு பக்கமிருந்து பார்த்தால் பச்சை. கேமராவுக்கு ஒரு நேரத்தில் ஒன்றுதான் கிடைக்கும். என் மயில்கழுத்தை முதல் முறை எடுத்தபோது படத்தில் சுத்தமான பச்சையாக விழுந்துவிட்டது. அதை நம்பி, பச்சைக்குத் தோதாக ஒரு ஜாக்கெட் துணி வாங்கி வந்து, வீட்டில் புடவையோடு வைத்துப் பார்த்தால் ஒட்டவே இல்லை. இப்படிப்பட்ட புடவையை ஒரு முறை மடித்து, ஒரு மடிப்பு உங்களைப் பார்த்தும் இன்னொன்று ஜன்னலைப் பார்த்தும் இருக்கும்படி சாய்த்து எடுங்கள். இரண்டு நிறமும் ஒரே படத்தில் வந்துவிடும்.

எடுத்த படங்களைக் கூகுள் போட்டோஸில் "பீரோ" என்று ஓர் ஆல்பம் தொடங்கி அதில் சேர்த்துவிடுங்கள். படத்தைத் திறந்து மேலே தள்ளினால் குறிப்பு எழுத இடம் வரும். அங்கே எண்ணையும் நிறத்தையும் எழுதுங்கள்: "ப-07 மயில்கழுத்து, அரக்குக் கரை, ஜா-09". பிறகு தேடும் பெட்டியில் ப-07 என்று அடித்தால் அந்தப் படம் வந்து நிற்கும். தமிழில் தட்டச்சு செய்யச் சிரமமாக இருந்தால் விசைப்பலகையில் உள்ள மைக்கை அழுத்திப் பேசினாலே எழுதிக்கொள்ளும். மயில்கழுத்து என்று நான் சொன்னதை ஒரு முறை "மயில் எழுத்து" என்று எழுதிவைத்தது, அதனால் ஒரு பார்வை பார்த்துவிடுங்கள்.

இடம் போதுமா என்ற கவலை வரும். கூகுள் கணக்கில் இலவசமாகக் கிடைப்பது 15 ஜிபி. மின்னஞ்சல், கோப்புகள், படங்கள் எல்லாம் அதற்குள்தான். ஒரு படம் 3 எம்பி என்று வைத்தால் 150 துணிக்கு மூன்று மூன்று படம், 450 படம், ஒன்றரை ஜிபிக்குள் அடங்கும். குட் மார்னிங் படங்களை அழித்தாலே அந்த இடம் கிடைத்துவிடும்.

அட்டவணை

இனிதான் பட்டியல். கூகுள் ஷீட்ஸில் புதிய தாள் ஒன்றைத் திறந்து, முதல் வரியில் இந்தத் தலைப்புகளைப் போடுங்கள்: எண், வகை, நிறம், கரை, ஜாக்கெட் எண், இன்ஸ்கர்ட் நிறம், இடம், கடைசியாகக் கட்டிய நாள், எந்த விசேஷம், மடிப்பு மாற்றிய நாள், குறிப்பு. ஜாக்கெட்டுகளுக்கு அதே கோப்பில் இரண்டாவது தாள்: எண், நிறம், கை நீளம், பிடிக்கிறதா, இடம், யாரிடம்.

முடிந்தால் இந்த ஒரு வேலையை மட்டும் கணினியில் செய்யுங்கள். போனில் சின்னக் கட்டங்களோடு மல்லாடுவது அலுப்பு. ஒரு முறை அமைத்துவிட்டால் பிறகு போனிலேயே போதும்.

எழுத்து விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. ஒரு நாள் "பிளவுஸ்" என்றும் மறுநாள் "ப்ளவுஸ்" என்றும் எழுதினால் கணினிக்கு அவை இரண்டு வேறு பொருள்கள். "மெரூன்", "அரக்கு", "ஒயின் கலர்" என்று ஒரே நிறத்துக்கு மூன்று பெயர் வைத்தாலும் அதே கதிதான். ஷீட்ஸில் கீழிறங்கு பட்டியல் என்று ஒரு வசதி இருக்கிறது. நிறங்களின் பெயரை ஒரு முறை கொடுத்துவிட்டால், அதன்பின் தட்டச்சு செய்யாமல் தொட்டுத் தேர்ந்தெடுக்கலாம்.

நிறத்துக்குப் புடவைக் கடைப் பெயர்களையே வையுங்கள் என்பது என் கட்சி. பச்சை என்று எழுதினால் என் வீட்டில் பதினொன்று வரும். கிளிப்பச்சை, இலைப்பச்சை, பாட்டில் பச்சை, ராமர் பச்சை என்று எழுதினால் உடனே கண்முன் வரும். வெங்காயச் சருகு, வாடாமல்லி, மாம்பழ மஞ்சள், கத்தரிப்பூ, தேன் கலர்! எம்.எஸ். சுப்புலட்சுமியின் பெயரிலேயே எம்.எஸ். ப்ளூ என்று ஒரு நீலம் காஞ்சிபுரப் பட்டில் ஓடுகிறது. இத்தனை நிறப்பெயர்களை வைத்துக்கொண்டு எதற்காக வெறும் "டார்க்", "லைட்" என்று எழுத வேண்டும்?

"இடம்" என்ற கட்டத்தில் பீரோ தட்டின் எண்ணை எழுதுங்கள். அங்கே எழுத வேண்டியவை வேறும் உண்டு: இஸ்திரியில், தையல் கடையில், டிரை வாஷில், அக்கா வீட்டில். டிரை வாஷில் போட்டதற்கு ரசீது கொடுப்பார்களே, அதையும் அப்போதே படம் எடுத்து அதே ஆல்பத்தில் போட்டுவிடுங்கள். ரசீதைத் தொலைத்துவிட்டு, கடையில் தொங்கும் இருநூறு புடவைக்கு நடுவில் நம்முடையதை அடையாளம் காட்டி நின்றவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

அப்புறம் இரண்டு சூத்திரங்கள். பயப்பட வேண்டாம், இரண்டும் ஒரு வரிதான்.

முதலாவது, ஒரு புடவையைக் கட்டி எத்தனை நாளாகிறது என்று காட்டுவது. இன்றைய தேதியைத் தருவது டுடே என்ற சூத்திரம். அதிலிருந்து கடைசியாகக் கட்டிய நாளைக் கழித்தால் நாள் கணக்கு வந்துவிடும். தேதி எழுதாத கட்டத்தை ஷீட்ஸ் பூஜ்யம் என்று எடுத்துக்கொள்ளும். அதன் தேதிக் கணக்கில் பூஜ்யம் என்பது 1899 டிசம்பர் 30. அதனால் ஒரு முறைகூடக் கட்டாத புடவைக்கு எதிரே நாற்பத்தைந்தாயிரத்துக்கு மேல் ஒரு எண் வந்து நிற்கும். முதலில் பார்த்தபோது திடுக்கிட்டேன். கட்டம் காலியாக இருந்தால் ஒன்றும் காட்டாதே என்று இஃப் சூத்திரத்தால் சொல்லிவிடலாம். நான் அப்படிச் செய்யவில்லை. கட்டாத புடவைகள் பட்டியலில் முதலில் வந்து நின்று என்னைக் கேள்வி கேட்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

இரண்டாவது, கவுண்ட்இஃப். ஒரு ஜாக்கெட் எண் புடவைப் பட்டியலில் எத்தனை முறை வருகிறது என்று எண்ணிச் சொல்லும். இதைப் போட்டுப் பார்த்த அன்றுதான் எனக்கு விஷயம் விளங்கியது. ஜா-04, பொன்னிறத்தில் ஒரு சாதாரண ஜாக்கெட், ஒன்பது புடவைகளைத் தாங்கிக்கொண்டிருந்தது. அது அக்குளில் கிழிந்தால் ஒன்பது புடவையும் உட்கார்ந்துவிடும். அதே சமயம் இருபத்திரண்டு ஜாக்கெட்டுகளுக்குத் தலா ஒரு புடவைதான். அந்த மாதமே பொன்னிறத்தில் இன்னொன்று தைக்கக் கொடுத்தேன். புதுப் புடவை வாங்கியதைவிட அதில் எனக்கு அதிகப் பயன் கிடைத்தது.

ஒரு முறை உடுத்த எவ்வளவு ஆகிறது என்று கணக்குப் பார்ப்பதும் இப்போது பழக்கமாகியிருக்கிறது. விலையை உடுத்திய தடவையால் வகுப்பதுதான். 18,000 ரூபாய்ப் பட்டை மூன்று முறை கட்டியிருந்தால் ஒரு முறைக்கு 6,000. 900 ரூபாய்ச் சுங்குடியை நாற்பத்தைந்து முறை கட்டியிருந்தால் 20 ரூபாய். அலுவலகத் துணிக்கு இது நல்ல பாடம். கூறைப்புடவைக்கு இந்தக் கணக்கைப் போடாதீர்கள். அது அதற்கான பொருள் இல்லை.

குறிப்பு எழுதும் கட்டம்

இதை வெறும் கட்டமாக விட்டுவிடாதீர்கள். எங்கே வாங்கியது, யார் கொடுத்தது, எதற்காகக் கொடுத்தது என்று அங்கே எழுதுங்கள். என் பட்டியலில் ப-01 அம்மாவின் கூறைப்புடவை. அரக்கில் கட்டம் போட்டது. பக்கத்தில் அம்மா சொன்னதை அப்படியே பதிவு செய்திருக்கிறேன்: "உங்க தாத்தா நெசவுக்காரர் வீட்டுக்கே போய், தறியில இருக்கும்போதே பார்த்துட்டு வந்தது." அம்மாவுக்கு இப்போது பல விஷயங்கள் மறந்துபோகின்றன. புடவையைக் கையில் கொடுத்தால் மட்டும் சரசரவென்று சொல்கிறார். வீட்டில் பெரியவர்கள் இருந்தால், படம் எடுக்கும் நாளில் அவர்களையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ளுங்கள். போனில் ஒலிப்பதிவை ஓடவிடுங்கள். வேலை இரண்டு மடங்கு நேரமாகும், பரவாயில்லை.

விசேஷங்களைத் திட்டமிடுதல்

பத்திரிகை வாட்ஸ்அப்பில் வந்ததும் காலண்டரில் தேதியைக் குறித்துவிடுவீர்கள். அதிலேயே விவரம் எழுதும் இடத்தில் புடவை எண்ணையும் ஜாக்கெட் எண்ணையும் சேருங்கள். நினைவூட்டல் இரண்டு வையுங்கள். முதலாவது பத்து நாளுக்கு முன்: அன்றைக்கு ஜாக்கெட்டைப் போட்டுப் பார்க்க வேண்டும். பிடிக்கவில்லை என்றால் பிரித்து வாங்கிவர நேரம் இருக்கும். முகூர்த்த மாதங்களில் தையல்காரர்கள் பத்து நாள் இருந்தாலே முகம் சுளிப்பார்கள், முந்தின நாள் போனால் வாசலிலேயே கும்பிடு போட்டுவிடுவார்கள். இரண்டாவது நினைவூட்டல் மூன்று நாளுக்கு முன், இஸ்திரிக்கு.

நிச்சயதார்த்தம், ரிசப்ஷன், முகூர்த்தம் என்று ஒரே கல்யாணத்துக்கு மூன்று வேளை இருந்தால், மூன்று எண்களையும் ஒரே குறிப்பில் எழுதி, ஒரு மூட்டையாக எடுத்து வைத்துவிடலாம். வெளியூர்ப் பயணம் என்றால் இன்ஸ்கர்ட்டையும் எழுதுங்கள். எல்லாம் எடுத்துவைத்து இன்ஸ்கர்ட்டை விட்டுவிட்டுப் போய், புது ஊரில் காலை ஏழு மணிக்குத் திறந்திருக்கும் கடையைத் தேடியிருக்கிறேன்.

"எந்த விசேஷம்" என்ற கட்டம் எதற்கு என்று கேட்கலாம். அதே கூட்டத்துக்கு அதே புடவையில் போகாமல் இருப்பதற்கு என்று சிலர் சொல்வார்கள். எனக்கு அதில் பெரிய நம்பிக்கை இல்லை. நல்ல புடவையை நாலு பேர் நாலு முறை பார்த்தால் என்ன குறைந்துவிடப் போகிறது? ஆனாலும் எழுதுகிறேன், ஏனென்றால் மாமியார் கேட்பார்.

தினசரி அலுவலகத்துக்கு இவ்வளவு ஏற்பாடு தேவையில்லை. ஞாயிறு மாலை ஐந்து எண்களைத் தேர்ந்தெடுத்து, வாட்ஸ்அப்பில் எனக்கு நானே அனுப்பிக்கொள்கிறேன். அந்த ஐந்தையும் ஒரே ஹேங்கர் வரிசையில் மாட்டிவைத்தால், காலை எட்டு மணிக்குப் பீரோ முன்னால் நிற்கும் நேரம் மிச்சம்.

பட்டுக்கு ஒரு நினைவூட்டல்

பட்டுப் புடவையை ஒரே மடிப்பில் வருஷக்கணக்காக வைத்தால் மடிப்பு விழுந்த கோட்டில் அறுந்துவிடும். ஜரிகை என்பது நூலின் மேல் உலோகத் தகட்டைச் சுற்றியது. ஒரே இடத்தில் அழுந்தி அழுந்தி அது உடையும், பக்கத்துப் பட்டு இழையையும் வெட்டும். மூன்று மாதத்துக்கு ஒரு முறை பிரித்து, நிழலில் ஆற விட்டு, மடிப்பை மாற்றி வைக்க வேண்டும் என்று எல்லாருக்கும் தெரியும். யார் செய்கிறோம்? காலண்டரில் மூன்று மாதத்துக்கு ஒரு முறை திரும்பத் திரும்ப வரும்படி ஒரு நினைவூட்டல் போட்டுவிடுங்கள். நான் ஜனவரி, ஏப்ரல், ஜூலை, செப்டம்பர் கடைசி ஞாயிறுகளில் வைத்திருக்கிறேன். அக்டோபரில் வைத்தால் வடகிழக்குப் பருவமழை ஆரம்பித்துவிடும். ஈரக்காற்றில் பட்டை விரித்துப் போடுவதற்குப் போடாமலே இருக்கலாம்.

அன்றைக்கே பிளாஸ்டிக் உறைகளை எடுத்துவிட்டுப் பழைய பருத்தி வேட்டியில் சுற்றுங்கள். பிளாஸ்டிக்குக்குள் ஈரம் தங்கினால் ஜரிகை கறுக்கும். பூச்சி உருண்டை நேரே ஜரிகையில் படக் கூடாது. வசம்பை ஒரு துணியில் முடிந்து மூலையில் வைப்பது என் பாட்டி வழி. கஞ்சி போட்ட காட்டனை நாள்பட மடித்து வைத்தால் இராமபாணப் பூச்சிக்கு விருந்துதான், அதைக் கஞ்சி இல்லாமல் வையுங்கள். வேலை முடிந்ததும் "மடிப்பு மாற்றிய நாள்" கட்டத்தில் தேதி. ஒரே நாளில் முப்பது புடவையும் ஆகாது. எது விட்டுப்போனது என்பதை அட்டவணை சொல்லும்.

கடைக்குப் போகும்போது

ஆடித் தள்ளுபடிக் கூட்டத்தில், முதுகில் நாலு பேர் இடித்துக்கொண்டு நிற்க, கையில் ஒரு அரக்குப் புடவை அகப்படும். இதே மாதிரி நம்மிடம் இருக்கிறதா என்று நினைவு வராது. நான் அப்படித்தான் கடுகு மஞ்சள் கரை போட்ட அரக்கை இரண்டு வருஷ இடைவெளியில் இரண்டு முறை வாங்கினேன். இரண்டாவதை வீட்டில் பிரித்துக் காட்டியபோது மகள் பீரோவிலிருந்து முதலாவதைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தாள். ஒன்றும் பேசவில்லை. இப்போது கடையில் நின்றபடியே போனில் அரக்கு என்று தேடிப் பார்த்துவிடுகிறேன். கையில் இருக்கும் புடவைக்கு நம் ஜாக்கெட்டில் எது ஒத்துப்போகும் என்றும் பார்க்கலாம். ஒன்றுகூட ஒத்துப்போகாவிட்டால் தையல்கூலியையும் புடவை விலையோடு சேர்த்துக்கொள்ளுங்கள்.

யார் பார்க்கலாம்

அட்டவணையை என் அக்காவுக்கும் அண்ணிக்கும் பகிர்ந்திருக்கிறேன், பார்க்க மட்டும் அனுமதி. யாருக்கு எது வேண்டுமோ எண்ணைச் சொல்லிக் கேட்கிறார்கள். கொடுத்ததும் "யாரிடம்" கட்டத்தில் பெயரை எழுதிவிடுகிறேன். ஆல்பத்தைப் பகிரும்போது மட்டும் கவனம் தேவை. அதில் துணி மட்டும் இருக்கட்டும். கண்ணாடி முன் நின்று எடுத்தவை, படுக்கையறை தெரிபவை, நகையோடு எடுத்தவை எல்லாம் வேறு இடத்தில் இருக்கட்டும். இணைப்பு வைத்திருக்கும் யாரும் திறக்கலாம் என்ற நிலையில் விடாமல், பெயர் சொல்லிப் பகிருங்கள். தனிச் செயலி வைத்திருப்பவர்கள், அது படங்களைப் பார்க்க அனுமதி கேட்கும்போது முழு கேலரியையும் திறந்துவிட வேண்டாம். புதிய போன்களில் தேர்ந்தெடுத்த படங்களை மட்டும் காட்டும் வசதி இருக்கிறது.

தினமும் அரை நிமிடம்

இந்தக் கணக்கை ஆரம்பிக்கிறவர்களில் பாதிப் பேர் இரண்டாம் மாதத்தில் விட்டுவிடுகிறார்கள். விசேஷத்துக்குப் போய்வந்து களைப்பில் தேதி எழுத மாட்டோம், அப்புறம் எல்லாம் கலந்துவிடும். நான் இதற்கு ஒரு நேரம் வைத்திருக்கிறேன். வீட்டுக்கு வந்து புடவையைக் கழற்றி, வியர்வை ஆற நாற்காலியில் போடுவோம் அல்லவா? அப்போதே போனை எடுத்து அந்த வரிசையில் இன்றைய தேதியைப் போட்டுவிடுவேன். புடவை கண்ணெதிரே இருக்கும், எண் நினைவிருக்கும், அரை நிமிட வேலை. விட்டுப்போனால், அன்றைய விசேஷத்தில் எடுத்த படங்களைப் பார்த்து ஞாயிற்றுக்கிழமை நிரப்பிக்கொள்ளலாம்.

வீட்டு ஆண்களின் துணிக்கு இவ்வளவும் வேண்டுமா என்று கேட்டால், என் வீட்டில் பத்து வரியில் முடிந்துவிட்டது: பட்டு வேட்டி இரண்டு, அங்கவஸ்திரம் இரண்டு, விசேஷச் சட்டை ஆறு. சட்டைகளில் நாலு ஒரே வெள்ளை என்பதால் எண் போட்டதில் அவருக்கே ஒரு குழப்பமும் தீர்ந்தது.

ஜா-09 வரிசையில் "யாரிடம்" என்ற கட்டத்தில் இன்னமும் அண்ணியின் பெயர்தான் இருக்கிறது. அட்டவணையை அவரும் பார்க்கிறார். வரும் தைக்குக் கொண்டுவருகிறேன் என்று சொல்லியிருக்கிறார்.